வான்துறைகளின் வரவும் செலவும்

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் முற்காலத்தில் பூம்புகார் என்னும் பெருந்துறை விளங்கிற்று. அத்துறையில் மரக்கலங்களிலிருந்து இறக்கப்பட்ட பண்டங்களும், அவற்றில் ஏற்றுவதற்காகக் கொணரப்பட்ட பண்டங்களும் மலைபோற் குவிந்து கிடந்தன என்றும், சுங்க அலுவலர் அவற்றின்மீது சோழரின் புலிப்பொறியை இட்டுக் காத்தனர் என்றும் பட்டினப்பாலை கூறுகின்றது. ஒரு துறையில் வருவன யாவை, செல்வன யாவை என்று அறிந்தால், அந்நாட்டு மக்கள் எதை விளைவிக்கின்றனர், எதை விரும்புகின்றனர், யாரோடு உறவு கொண்டுள்ளனர் என்பவற்றையெல்லாம் அறிந்துகொள்ளலாம். கடல்துறைக்குப் பொருந்தும் இவ்வுண்மை இக்காலத்து வான்துறைகளாகிய விமான நிலையங்களுக்கும் பொருந்தும். பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் ‘போதல்’ என்பது பொருள். அப்பொருளில் தமிழ்நாட்டு விமான நிலையங்களின் வரவையும் செலவையும் ஈண்டு நோக்குவோம்.

முதற்கண், இவ்வரவு செலவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். ஏப்ரல் முதல் நாளில் தொடங்கி மார்ச்சுத் திங்கள் இறுதியில் முடியும் ஆண்டே இக்கணக்கிற்குரிய ஆண்டாகும். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று கணக்குகள் எழுதப்படுகின்றன. விமானங்கள் எத்தனை முறை இறங்கின, எத்தனை முறை ஏறின என்பது ஒன்று. வந்த பயணிகளும் சென்ற பயணிகளும் எத்தனை பேர் என்பது மற்றொன்று. ஏற்றி இறக்கிய சரக்கு எத்தனை டன் என்பது மூன்றாவது. மதுரையில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கும் ஒருவர், மதுரைக் கணக்கில் ஒரு முறையும் சென்னைக் கணக்கில் ஒரு முறையும் எண்ணப்படுகிறார். அவர் திரும்பி வரும்போதும் அவ்வாறே எண்ணப்படுகிறார். ஆகவே, ஒரு நிலையத்தில் ஓராண்டில் பத்து இலட்சம் பயணிகள் என்றால், பத்து இலட்சம் தனி மனிதர்கள் பறந்தனர் என்று கொள்ளுதல் கூடாது. எண்களைப் படிப்பதற்கு முன் எண்ணிய முறையைத் தெரிந்துகொள்வது நன்று.

இந்நாட்டின் ஒழுங்கான வான்வழிப் போக்குவரத்து, பயணிகளைச் சுமந்து தொடங்கவில்லை. கடிதங்களைச் சுமந்தே தொடங்கிற்று. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபாற் பைகளை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்நிறுவனம் முதலாண்டில் ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேரே. தபாலோ ஏறத்தாழப் பத்து டன். 1949ஆம் ஆண்டில் இரவுத் தபால் விமானத் திட்டம் தொடங்கப்பெற்றது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் கூடித் தபாற் பைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் தத்தம் ஊருக்குத் திரும்பின. மாலையில் எழுதிய கடிதம் மறுநாள் காலையில் தொலைதூர நகரத்தை அடைந்தது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியாக இருந்தது.

1953ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாயிற்று. அதன்பின் நாற்பது ஆண்டுக்காலம் விமானப் பயணம் அலுவலருக்கும் வணிகருக்கும் செல்வர்க்குமே உரியதாக இருந்தது. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறக்கப்பட்டது. 2003 முதல் குறைந்த கட்டண விமானங்கள் பறக்கத் தொடங்கின. அதனால், இரவெல்லாம் புகைவண்டியில் சென்ற நடுத்தரக் குடும்பத்தினரும் விமானம் ஏறலாயினர். சென்னை நிலையத்தின் பயணிகள் தொகை 2007-08இல் ஒரு கோடியைக் கடந்தது. 2018-19இல் இரண்டு கோடியே இருபத்தைந்து இலட்சத்தை எட்டியது. முதலில் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட மீனம்பாக்கத்துப் பழைய கட்டடம் போதாமற் போகவே, திரிசூலத்துப் பக்கத்தில் புதிய முனையங்கள் எழுந்தன. பழைய கட்டடம் பின்னர்ச் சரக்குகளுக்கு உரியதாயிற்று.

பயணிகளும் சரக்கும் ஒரே ஓடுபாதையில் வந்து செல்லினும், அவ்விரண்டும் வெவ்வேறு இயல்புடைய இரண்டு ஆறுகள் போன்றவை. வெளியூர் சென்றவர் பெரும்பாலும் ஒரு நாள் வீடு திரும்புவார். ஆதலின், பயணிகளின் வரவும் செலவும் ஆண்டு முடிவில் ஏறக்குறையச் சமமாக நிற்கும். சரக்கு அத்தகையதன்று, ஏற்றுமதியான சரக்கு திரும்பி வருவதில்லை. மேலும், பயணிகள் கூட்டம் பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை ஆகிய காலங்களில் பெருகும். சரக்கோ விளைச்சலையும் தொழிற்சாலைகளின் வேலையையும் வெளிநாட்டுத் தேவையையும் தழுவி ஏறி இறங்கும். ஒன்று பெருகும் ஆண்டில் மற்றொன்றும் பெருகும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லாப் பொருள்களும் வான்வழிச் செல்வதில்லை. கப்பலைவிட விமானத்திற்குக் கட்டணம் பன்மடங்கு மிகுதி. நெல்லும் நிலக்கரியும் சிமெண்டும் விமானத்தில் ஏறினால், கூலி விலையை விழுங்கிவிடும். ஆகவே, எடை சிறிதாகவும் விலை பெரிதாகவும் உள்ள பொருள்களும், காலம் தாழ்ந்தால் கெட்டுப்போகும் பொருள்களுமே விமானத்தை நாடுகின்றன. மின்னணுக் கருவிகள், மோட்டார் வண்டி உறுப்புகள், தோற்பொருள்கள், ஆயத்த ஆடைகள், மருந்துகள், மீன், காய்கறி, மலர் ஆகியவை அத்தகையன. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து மல்லிகையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்படும் அம்மலர், மாலையில் மலர்ந்துவிடும்; அதற்குள் சந்தைக்கு வந்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் அடைபட்டு, விமானத்தில் ஏறவேண்டும். விமானம் கிடைத்தால் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் தமிழ்ப் பெண்கள் அதைச் சூடுவர்; கிடைக்காவிட்டால் அன்றைய உழைப்பு அன்றே வாடும்.

அம்மலர்ப் பெட்டி எங்கே வைக்கப்படுகிறது? சரக்குக்கென்றே அமைந்த விமானங்கள் சிலவே. பயணிகள் அமரும் தளத்திற்குக் கீழே உள்ள அறையில், அவர்களுடைய பெட்டிகளோடு பெட்டியாகவே பெரும்பகுதிச் சரக்கு செல்கிறது. எனவே, ஓர் ஊருக்குப் பயணிகள் விமானம் வராவிட்டால், அவ்வூரின் பூவும் காயும் வெளிநாடு செல்லும் வழியும் அடைபடுகிறது. இயல்பில் வேறுபட்ட இரண்டு ஆறுகளும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன.

இவ்வுண்மையைக் கொள்ளைநோய்க் காலம் நன்கு விளக்கிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பயணிகள் விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. உள்நாட்டு விமானங்கள் இரண்டு திங்களுக்குப் பின், மே 25ஆம் நாள் சிறிது சிறிதாகத் தொடங்கின. வெளிநாடுகளுக்கு வழக்கமான விமானங்கள் மீண்டும் செல்ல 2022 மார்ச்சு இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. 2019-20இல் இரண்டு கோடியே இருபத்திரண்டு இலட்சமாக இருந்த சென்னைப் பயணிகள் தொகை, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சமாக வீழ்ந்தது. நான்கில் ஒரு பங்கே எஞ்சியது. ஆனால், ஏறத்தாழ மூன்றரை இலட்சம் டன்னாக இருந்த சரக்கு, மூன்று இலட்சம் டன் அளவிலேயே நின்றது. மக்கள் வீட்டிற்குள் அடங்கியிருந்தபோதும் மருந்தும் மருத்துவக் கருவிகளும் உணவுப் பொருள்களும் பயணம் செய்தாக வேண்டியிருந்தன அன்றோ? சில விமானங்களில் பயணிகளின் இருக்கைகள்மீதே பெட்டிகளை அடுக்கிக் கட்டி எடுத்துச் சென்றனர். பின்னர்ப் பயணிகள் படிப்படியாகத் திரும்பினர். 2023-24இல் அவர்கள் தொகை மீண்டும் இரண்டு கோடியே பன்னிரண்டு இலட்சமாயிற்று.

இனி, சென்னையை விட்டு மற்ற நிலையங்களைக் காண்போம். கோயம்புத்தூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் பயணிகள் வந்து செல்கின்றனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் உள்நாட்டுப் பயணிகளே. நூற்பாலைகளும் எந்திரத் தொழிலும் நிறைந்த அந்நகரம், மும்பை, தில்லி, பெங்களூர் ஆகிய நகரங்களோடு நாள்தோறும் தொழில் உறவு கொண்டுள்ளது என்பதை இவ்வெண் காட்டுகிறது.

திருச்சிராப்பள்ளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு ஆண்டுக்குப் பதினைந்து இலட்சத்திற்கு மேற்பட்ட பயணிகள் வந்து செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பயணத்தினர். சென்னையை விடச் சிறிய அந்நகரில் இது எவ்வாறு நேர்ந்தது? தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதி மக்கள் பல தலைமுறைகளாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜுலா’ என்னும் கப்பல் ஏறி, ஒரு வார காலம் கடலில் பயணம் செய்து அவர்கள் சென்றனர். பின்னர் வந்த ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனோடு அக்கப்பற் போக்குவரத்தும் முடிவுற்றது. கடல்வழி அடைபட்ட பின் மக்கள் வான்வழியை நாடினர். அன்று ஒரு வாரம் ஆன பயணம் இன்று நான்கு மணி நேரத்தில் முடிகிறது. அவர்கள் ஏறிச்செல்லும் விமானத்தின் கீழறையில் காவிரிப் படுகையின் காய்கறிகளும் செல்கின்றன. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அங்குப் பெரியதொரு புதிய முனையம் திறக்கப்பெற்றது.

மதுரையிலிருந்து கொழும்பு, துபாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு விமானங்கள் சென்றுள்ளன. தூத்துக்குடியின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. அங்கு ஓடுபாதை முன்பு ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே இருந்தது. அதனால் சிறு விமானங்களே இறங்கின. சரக்கேற்ற இடம் இல்லை. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பெற்றுள்ளது. சேலத்திலோ, சிற்றூர்களையும் வான்வழியோடு இணைக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் 2018இல் தொடங்கிய விமானம் 2021இல் நின்று, 2023இல் மீண்டும் வந்தது. நிலையம் கட்டிவிட்டால் மட்டும் போதாது; நாள் தவறாமல் விமானம் வந்தால்தான் பயணியும் வணிகரும் அதை நம்புவர்.

இத்தனை எண்களும் எதற்காக எழுதிவைக்கப்படுகின்றன? நாளை என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதற்காகவே. சென்னை நிலையத்தின் ஒருபுறம் அடையாறு ஓடுகிறது. மறுபுறம் குன்றுகள் நிற்கின்றன. எஞ்சிய பக்கங்களில் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒரே வேளையில் இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்த இயலாது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் புகுந்து நிலையம் சில நாள் மூடப்பட்டபோது, அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்தை நாட நேர்ந்தது. பெங்களூரும் ஐதராபாத்தும் 2008ஆம் ஆண்டிலேயே ஊருக்கு வெளியே அகன்ற நிலத்தில் புதிய நிலையங்களை அமைத்துக்கொண்டன. ஒரு காலத்தில் மும்பைக்கும் தில்லிக்கும் அடுத்த நிலையில் இருந்த சென்னையை, அவ்விரு நகரங்களும் பயணிகள் தொகையில் முந்திவிட்டன.

ஆதலின், காஞ்சிபுரத்திற்கு அருகே பரந்தூரில் புதிய நிலையம் அமைக்க அரசு திட்டமிட்டது. அப்பகுதி நெல்வயல்களும் ஏரிகளும் நிறைந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை இழக்க நேருமே என்று ஊர் மக்கள் 2022 முதல் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். காலம் தாழ்த்திக் கட்டினால் தொழிலும் வணிகமும் பிற நகரங்களுக்குச் செல்லும். தேவைக்கு மிகுதியாகக் கட்டினால் திரும்பப் பெற முடியாத விளைநிலம் வீணாகும். எத்தனை பயணிகள் வருவர், எத்தனை டன் சரக்கு வரும், அதில் எவ்வளவைத் திருச்சியும் மதுரையும் கோவையும் தூத்துக்குடியும் தாங்கும் என்பவற்றைச் சரியாகக் கணிப்பது எத்துணைப் பொறுப்பு வாய்ந்த செயல் என்பதை இதனால் உணரலாம். தவறிய கணக்கின் இழப்பைத் தாங்குபவர் கணக்கெழுதியவர் அல்லர். நிலம் இழந்த உழவரும் வேலை இழந்த தொழிலாளருமே ஆவர்.

மாணவர்களே! நும் தலைக்குமேல் ஒரு விமானம் செல்லும்போது அதனை வியந்து நோக்குங்கள். அதனோடு, அதில் செல்வோர் யார், அவர்கள் ஏன் செல்கின்றனர், அவர்களுடைய காலடியில் எந்த ஊரார் உழைப்பு பெட்டியில் அடைபட்டுச் செல்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். பூம்புகாரின் பண்டசாலையில் கணக்கெழுதியவரின் ஓலை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. இன்றைய வான்துறைகளின் கணக்கோ நம் கையில் இருக்கிறது. அதனைச் செவ்வனே படித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கட்டுவது நாளை இந்நாட்டை நடத்தப்போகும் நும் கடமையாகும்.