ஆய்வுகூடத்தில் ஓடிய காரும் பாதையில் ஓடிய காரும்

புதிய வாகனமோ புதிய யோசனையோ, அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஆய்வுகூடம், மற்றது பாதை. ஆய்வுகூடத்தில் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ஒரு காரின் பெறுபேற்றை இன்னொன்றோடு ஒப்பிடலாம். ஆகவே அது தேவைதான். அது மட்டும் போதுமா என்பதே கேள்வி. வொக்ஸ்வாகன் விவகாரம் அதற்கு நல்ல விளக்கம்.

காரின் புகையை ஆய்வுகூடத்தில் அளப்பதற்கு, அதன் சக்கரங்களைச் சுழலும் உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் ஓடும், கார் நகராது. எந்தச் செக்கனில் என்ன வேகம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். வினாத்தாள் முன்பே தெரிந்த பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2013இல் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் டானியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம் முதலியோர் அடங்கிய குழு மூன்று டீசல் கார்களைப் பாதையில் இறக்கியது. அளவீட்டுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிப் புகைக்குழாயோடு இணைத்து, நகர நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் மேட்டுப் பாதையிலும் ஓட்டினார்கள். யாரையும் பிடித்துக் கொடுப்பது நோக்கமல்ல. கடுமையான சட்டமுள்ள அமெரிக்காவில் டீசல் கார்கள் சுத்தமாக ஓடுகின்றன என்று ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்பதே எதிர்பார்ப்பு.

வந்த பெறுபேறோ வேறு. சுவாசத்துக்குக் கேடான நைதரசன் ஒட்சைட்டுகளை, அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஜெட்டா 15 முதல் 35 மடங்கு வரை வெளியேற்றியது. பசாட் 5 முதல் 20 மடங்கு வரை. இதே கார்கள் கலிபோர்னியாவில் உருளைகளின் மேல் சித்தியடைந்திருந்தன!

இரகசியம் மென்பொருளில் இருந்தது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பவற்றைப் பார்த்து, நடப்பது சோதனையா பயணமா என்று அது கண்டுகொள்ளும். சோதனை என்றால் புகையைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு முழுமையாக வேலை செய்யும். பாதை என்றால் தளர்ந்துவிடும். சேர் வருகிறார் என்றதும் புத்தகத்தை விரிக்கிற பிள்ளையின் கதைதான்.

2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இதை உலகுக்கு அறிவித்தது. சுமார் 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 2017 செப்டெம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார் வகைகளுக்குப் பாதைச் சோதனையையும் கட்டாயமாக்கியது. ஆய்வுகூடச் சோதனையைக் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. பாதையில் ஒருநாள் போல மறுநாள் இருக்காது, ஒப்பிடுவது கஷ்டம். ஆனால் மேட்டையும் நெரிசலையும் வெயிலையும் எந்த உற்பத்தியாளராலும் மனனம் செய்துகொண்டு வர முடியாது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. புதிய கற்பித்தல் முறைகள் பெரும்பாலும் தெரிவுசெய்த வகுப்பில், பயிற்சி பெற்ற ஆசிரியரின் கையில், அதிகாரிகள் பார்த்திருக்க வெற்றி பெறுகின்றன. அதுவும் உருளைமேல் ஓடிய கார்தான். நாற்பது பிள்ளைகள் நெருக்கியிருக்கும் வகுப்பில், மின்சாரம் இல்லாத நாளில், மேற்பார்வைக்கு யாரும் வராத நேரத்தில் அந்த முறை என்ன செய்தது? எல்லாப் பாடசாலைகளுக்கும் அதை அனுப்புமுன் இந்தக் கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். தவறிப்போனால் திருப்பியழைக்க, அவை கார்கள் அல்ல, பிள்ளைகளின் வருடங்கள்.