கம்பளி ஆலையில் விதைத்த எழுபதாயிரம்

1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லிங்கன் ஆராய்ச்சிச்சாலையில் உத்தியோகம் பார்த்து வந்த கென் ஆல்ஸன், ஹார்லன் ஆண்டர்ஸன் என்ற இரண்டு இளம் எஞ்சினீயர்கள், தாங்கள் தொடங்க எண்ணிய தொழிலுக்கு மூலதனம் வேண்டிப் பாஸ்டன் நகரத்து முதலீட்டு ஸ்தாபனம் ஒன்றின் இயக்குநர் சபைமுன் போய் நிற்க ஆயத்தமானபோது, அந்த ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தர்களே அவர்களைத் தனியே அழைத்து மூன்று புத்திமதிகள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம், பெரிய பெரிய கம்பெனிகளே அந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன என்பது சபையாருக்குத் தெரியும் என்பது முதலாவது. நூற்றுக்கு ஐந்து லாபம் என்றால் இவ்வளவு அபாயத்துக்கு யாரும் துணியமாட்டார்கள், பத்தை லட்சியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது. சபையில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள், ஆகையால் சீக்கிரமே லாபம் காட்டுவதாகச் சொல்லுங்கள் என்பது மூன்றாவது.

இருவரும் அவ்வாறே செய்தார்கள். கம்பெனியின் பெயரில் இருந்த கம்ப்யூட்டர் என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, 'டிஜிட்டல் எக்விப்மெண்ட்' என்று மாற்றிக்கொண்டார்கள். சபை 70,000 டாலர் கொடுத்தது. அதற்குப் பிரதியாகக் கம்பெனியில் நூற்றுக்கு எழுபது பங்கை எடுத்துக்கொண்டது.

துணிகர மூலதனம் என்று இன்று வழங்கும் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வங்கிக்காரர் பார்ப்பது ஈட்டை. நிலம் உண்டா, கட்டடம் உண்டா, ஜாமீன் நிற்க ஆள் உண்டா என்று கேட்டு, தவணை தவறினால் எதைக் கைப்பற்றலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டுதான் அவர் பெட்டியைத் திறக்கிறார். அவருக்கு வரக்கூடிய அதிகபட்ச லாபம் வட்டிதான் ஆகையால், அந்த ஜாக்கிரதையை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கையில் ஒரு யோசனையும் அதைச் செய்து முடிக்கும் வித்தையும் அன்றி வேறு சொத்து இல்லாதவனுக்கு அந்த வாசல் என்றைக்கும் திறப்பதில்லை. அவனுக்குக் கடன் கொடுப்பவர் பயன்படமாட்டார், நஷ்டத்திலும் லாபத்திலும் கூட நிற்கும் கூட்டாளியே வேண்டும்.

அத்தகைய கூட்டாளியை ஒரு ஸ்தாபனமாகவே சமைத்துவிட வேண்டும் என்ற எண்ணம், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1946இல் பாஸ்டனில் உருவெடுத்தது. யுத்தகாலத்தில் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சிச்சாலைகளில் பிறந்த விஞ்ஞானப் புதுமைகள் சமாதான காலத்தில் கேட்பாரற்றுப் போகக் கூடாது என்று கவலைப்பட்ட, எம்.ஐ.டி. என்ற மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன், ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ் முதலானோர் 'அமெரிக்கன் ரிஸர்ச் அண்ட் டெவலப்மெண்ட்' என்ற அந்த ஸ்தாபனத்தை நிறுவினர்; ஆல்ஸனும் ஆண்டர்ஸனும் பிற்பாடு போய் நின்றது இதன் சபைமுன்தான். அதற்குத் தலைமை வகித்து நடத்தியவர், பாரிஸில் பிறந்து, ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்த ஜார்ஜ் டோரியோ. ஸ்தாபனம் எதிர்பார்த்தது 50 லட்சம் டாலர். சேர்ந்தது சுமார் 35 லட்சந்தான்.

டோரியோ எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். முதல்தரமான யோசனையோடு வரும் இரண்டாந்தர மனிதனைவிட, இரண்டாந்தர யோசனையோடு வரும் முதல்தர மனிதனே மேல் என்பது அவருடைய சித்தாந்தம். யோசனையை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். மனிதனைத் திருத்திக்கொள்ள முடியுமா? ஆல்ஸன் தம் ஆராய்ச்சிச்சாலையில் கண்ணாரக் கண்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர். எம்.ஐ.டி.யில் ஆற்றல் மிகுந்த பெரிய ஐ.பி.எம். யந்திரம் இருக்க, மாணவர்கள் அதை விட்டுவிட்டு, தாமே எதிரில் உட்கார்ந்து இயக்கி உடனுக்குடன் விடை பெறக்கூடிய சிறிய யந்திரத்துக்காகக் காத்துக் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். வியாபாரம் அறியாத அவர், லெக்ஸிங்டன் ஊர் நூலகத்துக்குப் போய் நிர்வாகத்தைப் பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்தார். நல்ல முதலீட்டாளர் தேடுவது இத்தகைய மனிதரைத்தான்: பிறர் கண்ணில் படாததைப் பார்த்தவர், தமக்குத் தெரியாதது எதுவென்று தெரிந்து அதைக் கற்றுக்கொள்ள வெட்கப்படாதவர்.

லாபம் ஒன்றே அளவுகோலாக இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. ஆரம்ப நாட்களில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வல்லமை மிகுந்த எக்ஸ்ரே யந்திரங்கள் செய்ய முன்வந்த 'ஹை வோல்டேஜ் எஞ்சினீயரிங்' கம்பெனிக்கு ஸ்தாபனம் 2 லட்சம் டாலர் கொடுத்தபோது, இதில் பணம் வராமல் போனாலும் போகலாம், ஆனால் காரியத்தின் மனிதாபிமானம் மகத்தானது என்பதே காம்ப்டனின் அபிப்பிராயமாக இருந்தது. அந்த முதலீடு பிற்பாடு பன்மடங்காகத் திரும்பி வந்தது என்பதை எழுதும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பணத்தைப் பெற்ற இரு எஞ்சினீயர்களும் மேனார்டு என்ற சிற்றூரில், ஒரு காலத்தில் உள்நாட்டு யுத்தத்துச் சிப்பாய்களுக்குக் கம்பளி நெய்து கொடுத்த பழைய ஆலையில், ஆண்டுக்குச் சதுர அடிக்கு 25 சென்ட் வாடகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் செய்யவில்லை. ஆராய்ச்சிச்சாலைகளுக்கு வேண்டிய மின்னணுச் சுற்றுப் பலகைகளைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் காலூன்றிக்கொண்ட பிறகே, மற்றவர்கள் பத்து லட்சம் டாலர் சொன்ன காலத்தில் 1,20,000 டாலருக்குத் தங்கள் முதல் யந்திரத்தை வெளியிட்டார்கள். முதல் ஆண்டுக் கணக்கில் சொற்ப லாபம் தென்பட்டது. அதைப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டிய ஆல்ஸனைப் பார்த்து டோரியோ, இவ்வளவு சீக்கிரம் ஜெயித்தவர் எவரும் பிழைத்ததில்லை என்ற கருத்துப்படக் கூறினாராம். குழந்தை அகாலத்தில் நடை பழகுவதைக் கண்டு மகிழாமல் அதன் எலும்பு முற்றிவிட்டதா என்று கவலைப்படும் தாயின் மனம் அது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும், கொடுத்த மறுநாளே அறுவடைக்கு அரிவாளைத் தீட்டுவதும் அவர் அறியாதவை. 1966இல் டிஜிட்டல் கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வரும்வரை ஒன்பது ஆண்டுகள் அவர் பொறுத்திருந்தார். 1972இல், அந்த எழுபதாயிரத்துக்கு வாங்கிய பங்குகளின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இந்தத் தொழிலில் பத்து விதை ஊன்றினால் பல முளைக்காமலே போகும், சில முளைத்துக் கருகும், ஒன்றே விருட்சமாகி மற்றவற்றின் நஷ்டத்தையெல்லாம் ஈடுகட்டும். ஆகையால்தான் முதலீட்டாளர், இது பிழைக்குமா என்பதோடு நில்லாமல், பிழைத்தால் எவ்வளவு உயரம் வளரும் என்றும் கேட்கிறார். பத்திரமான சிறு லாபத்தை வேண்டாமென்று தள்ளுகிறார்.

டோரியோவின் ஸ்தாபனத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அது பங்குச் சந்தையில் விற்கப்படும் கம்பெனியாக இருந்ததனால், தாங்கள் வளர்த்த கம்பெனிகளின் செழிப்பில் அதன் உத்தியோகஸ்தர்கள் பங்குகொள்ள அரசாங்க விதிகள் இடங்கொடுக்கவில்லை. ஒரு கம்பெனியை அரும்பாடுபட்டு ஆளாக்கிய உத்தியோகஸ்தர் ஒருவர், அந்தக் கம்பெனியின் தலைவர் கோடி டாலர் சீமானாகிவிட்ட வேளையில், தமக்குக் கிடைத்தது 2,000 டாலர் சம்பள உயர்வுதான் என்று கண்டார். அவர் வெளியேறியதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அங்கே நெடுநாள் பணியாற்றிய வில்லியம் எல்ஃபர்ஸ் 1965இல் பிரிந்துபோய் நிறுவிய 'கிரேலாக்' கூட்டு வியாபாரமாக அமைந்தது: பணம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், உழைக்கிறவர்கள் ஒரு பக்கம், லாபத்தில் இருசாராருக்கும் பாத்தியதை. கலிபோர்னியாவில் ஆர்தர் ராக் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த வழியில் இறங்கியிருந்தார். 1968இல் நாய்ஸ், மூர் என்ற இரு விஞ்ஞானிகளுக்காக, மூன்று பக்கம்கூட இல்லாத ஒரு குறிப்பைக் கொண்டே அவர் 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார். அந்தக் கம்பெனி இண்டெல். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு நிர்வாகச் செலவு, லாபத்தில் நூற்றுக்கு இருபது உழைத்தவர்களுக்கு, பத்தாண்டு ஆயுள் என்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. தொழில் தொடங்குகிறவனிடமிருந்து நூற்றுக்கு எழுபது பங்கு பறிக்கும் வழக்கமும் மறைந்தது. அது மறைந்தது மிகவும் நியாயம்.

டிஜிட்டல் கம்பெனியில் அன்று ஸ்தாபனம் எடுத்துக்கொண்ட எழுபது போக, ஆல்ஸனுக்குப் பன்னிரண்டும் ஆண்டர்ஸனுக்கு எட்டும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய பத்து, அனுபவம் முதிர்ந்த நிர்வாகி ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வரும்போது அவருக்குக் கொடுப்பதற்காக வைக்கப்பட்டது. அப்படி ஒருவர் வரவே இல்லை. முப்பத்தொரு வயதில் சபைமுன் நின்ற ஆல்ஸனே 1992 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கம்பெனியை நடத்தினார்.