வழக்கம் என்னும் வாசல்: முத்துக்குளித்துறை முதல் வடக்கன்குளம் வரை

சமய விதியை மீறுவது பாவம். ஆனால், “இது சமயமே அன்று, உலக வழக்கம்” என்று பெயரை மாற்றிவிட்டால் மீற வேண்டிய தேவையே எழாது. தமிழ்க் கத்தோலிக்கத்தில் சாதி நிலைபெற்றது இந்த வாசல் வழியாகத்தான்.

தூத்துக்குடி உள்ளிட்ட முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, அங்கிருந்த பரதவக் கிறித்தவர்களிடமிருந்து விலகி, உயர்சாதியினருக்கெனத் தனிக்கோயில் அமைத்தார். பூணூலும் குடுமியும் சமூகத் தகுதியின் அடையாளங்களே என்பது அவரது வாதம். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளுடன் அவற்றை அனுமதித்தார். கோயிலில் எளியோரை இகழ வேண்டாம் என்றும் உயர்குடியினரைக் கேட்டுக்கொண்டார். பூணூலுக்கு ஆணை, சமத்துவத்துக்கு வெறும் வேண்டுகோள்.

நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குச் சென்று அருட்சாதனம் வழங்க மறுக்கக் கூடாது என்று 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744இல் ஏற்கப்பட்ட தீர்வு, அவர்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிப்பது. விதியும் காக்கப்பட்டது, தீண்டாமையும் காக்கப்பட்டது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக் கிறித்தவர்களைப் பிரித்த கோயில் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கிறித்தவர்கள் வழக்கத்தைக் காட்டி வழக்காடினர். ‘மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்’ வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது.

அரசோ இதே வாசலை மறுபக்கத்திலிருந்து அடைத்தது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறித்தவர்களை விலக்குகிறது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். கோயிலுக்குள் “சாதி சமயமன்று, ஆகவே இருக்கலாம்”. அரசு அலுவலகத்தில் “சமயத்தில் சாதியில்லை, ஆகவே சான்றிதழ் இல்லை”. இரண்டு வாதங்களுக்கும் விலை கொடுப்பவர் ஒருவரே.

மதம் மாறிய பின்னும் அதே அளவிலான ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது. தனக்குள் தீண்டாமை நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டுத் தலித் கொள்கை ஆவணத்தில் தானே ஒப்புக்கொண்டது. இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாம் பத்தியை நீக்கப் போராடுவோம். அதுவரை, தலித் கிறித்தவர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மறுக்கப்படும் இடங்களில், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுப்போம். தீண்டாமையின் பேரால் வழிபாட்டிடத்தையோ கல்லறையையோ மறுப்பதை அது தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று அப்பிரிவுகள் கேட்பதில்லை.