பெயரைச் சொல்லாததால் போன ஓட்டு!

ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள கடற்கரை ஊர் வாலிநோக்கம். மீன்பிடித் தொழிலும் உப்பளமும் அங்கே பலருக்குப் பிழைப்பு. அந்த ஊரில் 18 வயது நிறைந்த ஒருவர் வாக்காளர் ஆக வேண்டுமா? 6-ம் எண் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். செல்போன் மூலமும் மனு செய்யலாம்.

மனு போட்டதும் பெயர் ஏறிவிடாது. ஊழியர் வீடு தேடி வந்து விசாரிப்பார். ஆட்சேபம் சொல்ல 7 நாள் அவகாசம் உண்டு. பிறகுதான் பதிவு அதிகாரி முடிவு செய்வார். மறுத்துவிட்டால் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம்.

இத்தனை விசாரணை எதற்கு? கள்ளப் பெயர் ஏறக்கூடாது. நல்ல பெயர் விடுபடவும் கூடாது.

28 லட்சம் பெண்கள்

பெயர் விடுபட்டால் என்ன ஆகும்? 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலே சாட்சி. வட மாநிலங்களில் பெண்கள் பலர் அந்நியரிடம் தங்கள் பெயரைச் சொல்லக் கூசினார்கள். "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்றே பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைச் சொல்ல அவகாசம் கொடுத்தார். அப்படியும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன!

ஓட்டு ஆளுக்குத்தான், உறவுக்கு அல்ல. உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். பட்டியலில் ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள்.