லோக்கல் சேனலின் அடுப்படி

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்த சாமிகள் ஊர் திரும்பியாயிற்று. மறுநாளும் மஞ்சக்குப்பத்து வீட்டு டிவியில் அந்தத் தீர்த்தவாரி ஓடும். கீழே ஒரு காதணி விழா வாழ்த்து ஊர்ந்து போகும். குறைந்த காசில் நாள் முழுக்க இப்படியொரு லோக்கல் சேனலை நடத்துவது எப்படி? வீட்டு அடுப்படியை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும்.

அடுப்பு

கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூம்தான் அடுப்படி. அனலாக் காலத்தில் ஒரு வி.சி.ஆர்., ஒரு மாடுலேட்டர், கேபிளில் காலியாகக் கிடக்கும் ஓர் இடம் இருந்தால் லோக்கல் சேனல் தயார். ஆனால் ஒரு சேனலே 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். ஓர் அடுப்பில் ஒரு பானைதான் ஏறும்.

டிஜிட்டல் வந்ததும் அது இட்லிப் பானையாக மாறியது. என்கோடர் படத்தைச் சுருக்கும். மல்டிப்ளெக்சர் பல சேனல்களைத் தட்டுத் தட்டாக அடுக்கும். அதே இடத்தில் இப்போது பத்துக்கு மேல் வெந்துவிடும். நாம் கேட்ட தட்டை எடுத்துப் பரிமாறுவது வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸ். வி.சி.ஆர். இருந்த மேசையில் இன்று ஒரு கம்ப்யூட்டர்.

சாமான்

ஓட்டலில் பட்டியல் எழுதிவிட்டுச் சாமான் வாங்குவார்கள். வீட்டில் கூடையைப் பார்த்த பிறகுதான் என்ன குழம்பு என்று முடிவாகும். லோக்கல் சேனல் வீட்டுச் சமையல்.

1990களில் கூடை நிறைய சினிமா கேசட். உரிமை வாங்காமல் படம் போடுவது குற்றம் என்ற பிடி மெல்ல இறுகியது. 1993-ல் சன் டிவி வந்தபின் படத்துக்கும் பாட்டுக்கும் வேறு வாசல் திறந்தது. கடைப் பலகாரம் நின்றதும் வீட்டில் மாவரைக்க வேண்டியதாயிற்று. கல்யாண வீடியோ எடுப்பவரே கேமராமேன் ஆனார். திருப்பாதிரிப்புலியூர் தேர், பள்ளி ஆண்டு விழா, மஞ்சக்குப்பம் மைதானத்துக் கூட்டம், போனில் பாட்டுக் கேட்கும் நேயர் என்று உள்ளூர்ச் சரக்கு சேர்ந்தது.

பந்தி

எதை எப்போது போடுவது? எது எவ்வளவு நேரம் கெடாது என்பதே கணக்கு. மின்தடை அறிவிப்பும் மழைச் செய்தியும் தேங்காய்ச் சட்னி. மதியத்துக்குள் புளித்துவிடும், உடனே பரிமாற வேண்டும். திருவிழா மீன்குழம்பு, மறுநாள் ருசி கூடும். அதனால்தான் மறு ஒளிபரப்பு. நேரில் போன கூட்டமே வீட்டில் உட்கார்ந்து தன் முகத்தைத் தேடும்.

விறகு

நகைக்கடை, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், பிறந்தநாள் வாழ்த்து. எரிவது இந்த விறகில்தான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபின் சந்தாவை நம்பி வாழ்ந்த ஆபரேட்டர்களுக்கு விளம்பரத்தின் அருமை கூடியது. 2022 நவம்பரில் மத்திய அரசு இத்தகைய சேனல்களுக்கு நெறிமுறை வகுத்தது. சேனல் ஒன்றுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். உள்ளூர்ச் செய்தி போட கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் பத்திரப்படுத்த வேண்டும்.

விறகு இருந்தும் நெருப்பு அணைந்த நாட்கள் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. கடலூர் பல நாள் இருட்டில் கிடந்தது. ஊர்ச் செய்தி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் மின்சாரமில்லாத வீட்டில் டிவி ஊமையாக நின்றது. இன்று அதே சரக்கு யூடியூப் வழியாகக் கைபேசிக்கும் போகிறது. ஒன்றுக்கு இரண்டு அடுப்பு இருப்பது நல்லது.

ஊறுகாய் ஜாடி

பதிவை 90 நாள் வைத்திருப்பது நெறிமுறைக்குப் போதும், ஊருக்குப் போதாது. 2004 சுனாமிக்கு முந்தைய கடற்கரை, அன்று தேர் வடம் பிடித்த கைகள், இன்று இல்லாத முகங்கள், இவையெல்லாம் ஏதோவொரு பரணில் பூஞ்சை பிடிக்கும் கேசட்டில் இருக்கக்கூடும். பெரிய சேனல் எதுவும் நம் தெருவைப் படம்பிடித்து வைக்கவில்லை. கேசட் வைத்திருப்பவர்கள் அதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, எந்த வருஷம், எந்தத் தெரு என்று எழுதி வையுங்கள். பருவத்தில் உப்பிட்ட மாங்காய்தான் வருஷம் தாண்டும்.