கடைசிச் சொட்டையும் விடாத கெண்டி!

ஜப்பான் வீடுகளில் ஒரு சிறிய மண் கெண்டி உண்டு. அதன் பெயர் "கியூசு". டீ போடுவதற்கு உள்ள பாத்திரம் அது.

அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருள் அல்ல. தினமும் புழங்கும் பொருள். பெரும்பாலும் இரண்டு, மூன்று கிண்ணம் டீதான் கொள்ளும்.

பக்கவாட்டில் கைப்பிடி

கெண்டியின் மூக்குக்கு நேர் எதிரே கைப்பிடி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இதில் அப்படி இல்லை. கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. கைப்பிடியைப் பிடித்தபடியே கட்டை விரலால் மூடியை அழுத்திக்கொள்ளலாம். மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் போதும், டீ கிண்ணத்தில் விழும். ஒரு கையே போதும்!

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, மறுபக்கம் கைப்பிடி வைத்த கெண்டியும் உண்டு.

900 ஆண்டுத் தொழில்

இந்தக் கெண்டிக்குப் பேர்போன ஊர் டோகோநாமே. ஐச்சி மாநிலத்தில் கடலோரத்தில் இருக்கிறது. சுமார் 900 ஆண்டுகளாக அங்கே மண்பாண்டத் தொழில் நடந்து வருகிறது.

1738-ம் ஆண்டில் நகடானி சோயென் என்பவர் புது முறையில் டீத்தூள் அல்லாத, இலையாகவே ஊறவைக்கும் பச்சைத் தேயிலையைத் தயாரித்தார். இலையை ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டி, உலர்த்துவது அவர் முறை. அந்த டீ பரவியது. இலையை ஊறவைக்கக் கெண்டி தேவைப்பட்டது.

1854-ம் ஆண்டு வாக்கில் டோகோநாமே குயவர்கள் சிவப்புக் களிமண்ணில் கெண்டி செய்யத் தொடங்கினார்கள். 1878-ம் ஆண்டில் சீனாவில் இருந்து ஒரு கலைஞர் வந்து, தம் நாட்டு முறையையும் கற்றுக்கொடுத்தார்.

ஐந்து உறுப்புகள்

உடல், மூடி, மூக்கு, கைப்பிடி, உள்ளே வடிகட்டி. ஐந்தையும் தனித்தனியே செய்து, மூடி தவிர மற்றவற்றை ஒட்டுகிறார்கள். சுட்ட பிறகு, மூடியை வாயோடு உரசி உரசிப் பொருத்துகிறார்கள். நல்ல கெண்டியில் மூடி ஆடாது.

இந்தக் கலையில் சிறந்த மூன்றாவது யமடா ஜோசானுக்கு, 1998-ம் ஆண்டில் ஜப்பான் அரசு "வாழும் தேசியச் செல்வம்" என்ற கவுரவத்தை அளித்தது. அவர் 2005-ம் ஆண்டில் காலமானார்.

டீ போடும் விதம்

கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் டீ கசந்துவிடும். முதலில் தண்ணீரைக் கிண்ணங்களில் ஊற்றிச் சற்று ஆறவிடுவார்கள். 70 அல்லது 80 டிகிரி சூடு போதும். அதைக் கெண்டியில் ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிடுவார்கள்.

பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே ருசி கிடைக்கும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அடுத்த முறை போடும் டீ கசக்கும். பால், சர்க்கரை கிடையாது!

போட்டிக்கு வந்த புட்டி

1985-ம் ஆண்டில் பச்சை டீ தகர டப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1990-ம் ஆண்டில் பிளாஸ்டிக் புட்டியிலும் வந்தது. மூடியைத் திருகினால் டீ தயார்! கியூசு இல்லாத வீடுகள் பெருகின.

குயவர்களும் சும்மா இருக்கவில்லை. எளிதில் கழுவக்கூடிய கெண்டிகள், புதிய நிறங்கள் என்று செய்து பார்க்கிறார்கள். ஆனால் சூளை எரிய வேண்டுமானால் அது மட்டும் போதாது. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு நிமிடம் காத்திருந்து டீ குடிக்க வேண்டும்.