புறப்பட்ட ஊரை மறைத்த பயணம்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், துறைமுகத்தையும் விளையாட்டரங்கத்தையும் ஒட்டிய உப்பளத்திலிருந்தோ அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தோ மறைப்பணிக்காக, அதாவது சமயச் செய்தியை அறிவிக்கவும் தொலைவிலுள்ள சிறு சபைகளுக்குத் துணைநிற்கவும், வெளியூர் செல்லும் கிறித்தவக் குழு ஒன்று, வேன் அமர்த்தி, முன்கண்ணாடியில் சபையின் பெயரை ஒட்டி விடியற்காலையில் கிளம்பினால், மாலைக்குள் ஆந்திர எல்லையைத் தாண்டிவிட முடியும். ஏறக்குறைய இதே திசையில் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்து சென்ற பிரெஞ்சுப் பாதிரியார்களோ, தாங்கள் புதுச்சேரியோடு தொடர்புடையவர்கள் என்பதை இயன்றவரை வெளியில் தெரியாமல் காத்துக்கொண்டனர். கர்நாடக மிஷன் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்த முயற்சியை அதன் போதனையைக் கொண்டு மட்டும் புரிந்துகொள்ள இயலாது. எந்த உடையில், யாருடைய துணையோடு, யார் சமைத்ததை உண்டு வழி நடப்பது என்ற கேள்விகளே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

இங்கே கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தை அல்ல, ஆற்காட்டைச் சூழ்ந்த வட தமிழகத்தையும் அதற்கு மேற்கிலும் வடக்கிலும் விரிந்த தெலுங்குச் சீமையையும் குறிக்கும். சயாம் நாட்டில் 1688இல் நிகழ்ந்த ஆட்சிக் கலகத்தால் வெளியேற நேர்ந்த பிரெஞ்சு இயேசு சபையினர் சிலர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். 1693இல் டச்சுக்காரர் கைப்பற்றிய நகரம் 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோது, உள்நாட்டில் தங்களுக்கென ஒரு பணிக்களம் அமைக்க அவர்கள் முனைந்தனர். தெற்கிலிருந்த மதுரை மிஷன் போர்த்துகீசிய ஆதரவில் இயங்கியதால் பிரெஞ்சுக்காரருக்கு வடக்கும் மேற்குமே எஞ்சின. எனினும் வழிமுறையை அவர்கள் மதுரையிலிருந்தே பெற்றனர். புதிய மிஷனுக்குத் தலைமையேற்ற ஷான் வெனான்ஸ் பூஷே அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர்.

அந்த வழிமுறை, 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி வகுத்தது. ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்ற சொல், மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, ஆசாரம் பாராது வாழ்பவர் என்ற இழிபொருளையும் உள்நாட்டில் சுமந்திருந்ததால், பரங்கி என்று அறியப்பட்டவரின் போதனைக்கு உயர்சாதியினர் செவிசாய்க்கமாட்டார் என்று அவர் கருதினார். அவர் வகுத்த அந்த வழியிலேயே, புதுச்சேரியின் எல்லை கடந்த பிரெஞ்சுப் பாதிரியாரும் அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். பாதக்குறடு அணிந்து, கையில் மூங்கில் தண்டும் நீர்ச்செம்பும் ஏந்தினார். இறைச்சியையும் மீனையும் முட்டையையும் விலக்கி, நாளுக்கு ஒருவேளை சோறும் கீரையும் பாலும் கொண்டார். உயர்சாதியைச் சேர்ந்த சமையலாளோடும் சீடர்களோடும் சத்திரத்திலும் மரத்தடியிலும் தங்கி நடந்த அவரைக் கண்டவர்களுக்கு அவர் வடதேசத்து ரோமாபுரிச் சந்நியாசியாகத் தோன்ற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இதை வேடம் என்பதா, உண்மையான துறவு என்பதா என்ற வாதம் அன்றே எழுந்தது. ஆனால் வெறும் வேடத்துக்காக ஆயுள் முழுவதும் ஒருவேளைச் சோற்றோடு நிற்பவர் அரியர்.

செஞ்சிக் கோட்டை 1698இல் முகலாயர் வசமாகியிருந்ததால், படை நடமாட்டமும் சுங்கச்சாவடிகளும் பாளையக்காரர்களின் ஐயமும் வழியெங்கும் இருந்தன. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கருவேப்பூண்டியில் தங்கிய பியேர் மொதுயி பாதிரியார், 1701இல் மேற்கு நோக்கி ஒரு பயணம் மேற்கொண்டு, குடியேறத் தகுந்த ஊர்களைப் பார்த்துவந்தார். பூஷே தக்கோலத்தில் தங்கினார். தெ லா ஃபோந்தேன் பாதிரியார், இன்றைய சாலைக் கணக்கில் புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புங்கனூரை அடைந்தார். இவர்களுக்கு உபதேசியார் இன்றியமையாதவர். மறைக்கல்வி புகட்டும் பொறுப்புடைய இந்த உள்ளூர்க் கிறித்தவர், ஊர்ப் பெரியவர்களிடம் பேசி இடம் கேட்பதிலும் பாதிரியாரின் சொல்லைக் கேட்போர் மொழியில் விளங்கவைப்பதிலும் முன்நின்றார். அச்சேறிய பயண விவரங்களில் பாதிரியாரின் பெயர் தவறாமல் இருக்க, உபதேசியாரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போனது பெருங்குறை.

உயர்சாதி ஆசாரத்தைக் கைக்கொண்டதற்கு ஒரு விலையும் இருந்தது. சந்நியாசியாக அறியப்பட்டவர் தீண்டாமைக்கு ஆளான மக்களின் வீடுகளுக்குள் வெளிப்படையாக நுழைய முடியாது. அவர்களுள் ஒருவர் மரணப்படுக்கையில் கிடந்தாலும் நிலைமை அதுவே. 1703 நவம்பரில் புதுச்சேரி வந்திறங்கிய போப்பாண்டவரின் தூதர் தெ தூர்னோன், மறு ஆண்டு வெளியிட்ட ஆணையில் இத்தகைய நடைமுறைகள் பலவற்றைத் தடைசெய்து, எச்சாதி நோயாளியையும் வீடுதேடிச் சென்று பார்க்க வேண்டும் என விதித்தார். அவரோ உடல்நலக் குறைவால் உள்நாட்டுக்குச் செல்லாமல், பூஷே முதலியோரிடம் கேட்டறிந்தே முடிவெடுத்தவர். வழி நடந்தவர்கள் இதையே குறையாகச் சொன்னார்கள். ஆனால் நோயாளியைப் பற்றி அவர் விதித்தது, தக்கோலத்தை நேரில் கண்டுவந்து சொல்ல வேண்டிய அளவுக்கு நுட்பமானதன்று. மலபார்ச் சடங்குகள் என்ற பெயரில் நீண்ட அந்த வழக்கை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடித்துவைத்தார்; அதன் பின்னரும் ஒதுக்கப்பட்டோருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டுக்கே இடமளிக்கப்பட்டது.

மிஷன் எழுதிய கடிதங்கள் 1702 முதல் பாரீசில் தொகுதிகளாக அச்சாகின. பூஷே அனுப்பிய தென்னிந்திய வரைபடத்தைப் புகழ்பெற்ற நிலப்படவியலாளர் தான்வீல் பயன்படுத்திக்கொண்டார். தெலுங்குச் சீமையில் பணியாற்றிப் புதுச்சேரியில் 1779இல் மறைந்த கேர்து பாதிரியார், துணிக்குச் சாயமேற்றும் முறையை அத்தொழில் தெரிந்த கிறித்தவர்களிடம் கேட்டு 1742இல் விரிவாக எழுதினார். சமற்கிருதத்துக்கும் கிரேக்கம், இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை மொழியறிஞர் வில்லியம் ஜோன்சுக்கு முன்பே, 1767இல், சுட்டிக்காட்டினார்.

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின் பாரீசு அயல்நாட்டு மறைப்பணிக் கழகம் இக்களத்தை ஏற்றது. அக்கழகத்தவராக 1792இல் வந்த அபே துய்புவாவும் உள்நாட்டு உடையில் மைசூர்ச் சீமையில் திரிந்தார். இந்தியரின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் பெயரில் புகழ்பெற்ற நூல் பெரிதும் கேர்துவின் எழுத்தை ஆதாரமாகக் கொண்டது என்பதை 1987இல் சில்வியா மூர் என்ற ஆய்வாளர் நிறுவினார். துய்புவாவோ 1823இல் ஐரோப்பா திரும்பி, இந்துக்களைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவருவது அந்நாளைய நிலையில் இயலாத காரியம் என்று அச்சிலேயே அறிவித்துவிட்டார்.